ஆளுபடத்துக் கூடையில் உப்பு இல்லை

படம் ஓடும்போது விக்டோரியா உட்காரமாட்டாள். திரைக்கு வலப்பக்கம், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டு நிற்பாள். மைக்கை நெத்திலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலில் பிடித்து, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பாள். அந்த மைக் இல்லாவிட்டாலும் முட்டம் கலங்கரை விளக்கம்வரை குரல் கேட்கும். வயது ஐம்பத்து நான்கு. சருவம் என்று நாங்கள் சொல்லும் அலுமினியப் பாத்திரம் நிறைய மீனைத் தலையில் ஏற்றி, தினமும் திங்கள்சந்தைப் பக்கம் வீடு வீடாக விற்கிறவள். ஒரு விலை சொன்னால் அதுதான் விலை. பேரம் பேசுகிறவர்களிடம், "நாளைக்கு வாங்க, இதே மீன் நாறிப்போய் கொறஞ்ச விலைக்குக் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

அவள் கதை சொல்லும் படம் ஜப்பான்காரர்கள் வரைந்தது. கடலோரத்தில் உப்பு விற்கும் ஒரு சிறுமி, உப்புக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பனிமலை ஏறிப் போகிறாள். அவள் காப்பாற்றிய நாரை ஒன்று வழியெல்லாம் மேலே பறந்து கூடவே வருகிறது. அவ்வளவுதான் கதை. சுனாமிக்குப் பிறகு தற்காலிகக் குடியிருப்பில் இருந்த பிள்ளைகளுக்காக வெளியூர் இளைஞர்கள் சிலர் அதைப் போட்டுக் காட்டினார்கள். பேச்சு ஜப்பான் பாஷை. கீழே ஓடிய எழுத்து இங்கிலீஷ். "அவ என்ன சொல்லுதா, என்ன சொல்லுதா" என்று பிள்ளைகள் நச்சரிக்க, பின்னால் நின்ற விக்டோரியா வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். சிறுமிக்குப் பூங்கனி என்று பேரும் வைத்தாள். ஊருக்குத் திரும்பும்போது அந்த இளைஞர்கள் டிஸ்கை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஐஸ் கட்டியைத் தலையிலும் சைக்கிளிலும் சுமந்து, இன்று இரண்டு ஐஸ் கம்பெனிக்குச் சொந்தக்காரன். யாருடைய கையையும் பிடித்து ஏறவில்லை. ஊருக்கு புரொஜக்டர் வாங்கியவனும் நான்தான். 2005 முதல் ஒவ்வொரு திருவிழாவிலும் ஒரு நாள் கடற்கரையில் திரை கட்டி அந்தப் படத்தைப் போடுகிறோம். குளச்சலிலிருந்துகூட ஆள் வரும். படத்துக்காக அல்ல, விக்டோரியா சொல்வதைக் கேட்க. முட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களிடம் கலங்கரை விளக்கத்தை நான் இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

வரைந்த படத்தை அவள் 'வரப்படம்' என்பாள். மனிதர்கள் நடித்தால் அது 'ஆளுபடம்'. டிவியில் ஜப்பான் வரப்படம் எது வந்தாலும் விடமாட்டாள். "அவனுவ வரைஞ்ச சோத்துல ஆவி பறக்கும் அண்ணே. நம்ம ஆளுபடத்துல கல்யாணப் பந்தியிலகூட ஒருத்தனும் முழுங்கமாட்டான். கவனிச்சியளா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு கவனித்தேன். உண்மைதான்.

2016 திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்தது வினை. அதே கதையை ஆட்களை வைத்துப் புதிதாக எடுத்துவிட்டார்கள். கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்த பிரபின் அந்த டிஸ்கைக் கொண்டுவந்தான். தமிழ்ப் பேச்சோடு. அந்தப் படத்தைப் போட்டால் கதை சொல்ல ஆள் வேண்டாம், மைக் வேண்டாம். வாலிபர்கள் எல்லாம் பிரபின் பக்கம். திரையும் புரொஜக்டரும் என்னுடையவை என்பதால் முடிவும் என்னிடம் வந்தது. பார்க்காமல் எதையும் நான் வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரையும் கம்பெனி ஆபீசுக்கு வரச்சொல்லிப் படத்தைப் போட்டேன்.

முதல் பாதியில் விக்டோரியா தோற்றாள். மலையில் ஒரு கிழவர் வருவார். சிறுமியின் உப்பில் பாதியை எடுத்துக்கொள்வார். விக்டோரியா சொல்லும் கதையில் அவர் தாய்மாமன். மருமகள் சீதனத்துக்காக எடுத்து வைக்கிறார். அவர் சாகும் இடத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். தமிழ்ப் பேச்சைக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் அரசனுக்கு வரி பிரிக்கிற அதிகாரி.

பிரபின் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "என்ன மாமி, பதினோரு வருசமா ஒரு தாசில்தாருக்கா எங்கள அழவச்சிய?"

"பாதி உப்ப உரிமையா எடுத்தானே, சொந்தக்காரனாத்தான் இருப்பான்னு நெனச்சேன்" என்றாள் விக்டோரியா.

ஆபீசே அதிரச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

கல்லூரியில் படிக்கும் அஜிஷா போனைத் தடவிக்கொண்டே, "ஒலகம் பூரா இந்தப் படத்துக்குச் சண்ட நடக்கு மாமி" என்றாள். "பிள்ளைக்க கண்ணு சின்னதாப் போச்சுன்னு ஒரு கூட்டம். தலமுடிக்க நெறம் சரியில்லன்னு இன்னொரு கூட்டம். பிரேசில்காரன் ஒருத்தன் நாரைக்காக மட்டும் மூணு பக்கம் திட்டி எழுதியிருக்கான்."

"கண்ணும் முடியும் கெடக்கட்டும் ஏட்டி. கூடையப் பாரு. ஏலே பிரபினே, நாரை கூப்பிடுத எடத்தத் திரும்பப் போடு."

திரையில் நடிகை கூடையைத் தலையில் வைத்தபடி நின்றாள். நாரை கூப்பிடுகிறது, அவள் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாள். வானம், முகம், பறவை. எனக்கும் பிடித்திருந்த இடம்தான்.

"இருவத்தஞ்சு கிலோ உப்பத் தலையில வச்சிக்கிட்டு எந்தப் பொம்பள அண்ணாந்து பாப்பா? கழுத்து ஒடிஞ்சிராதா? உள்ள ஒண்ணுமில்ல மக்கா. பஞ்சு வச்சிருப்பானுவ. இப்ப வரப்படத்தப் போடு."

போட்டோம். அதே இடம். நாரை கூப்பிடுகிறது. வரைந்த சிறுமி தலையைத் தூக்கவில்லை. கண்கள் மட்டும் உயர்ந்தன. பிறகு பாதங்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி, தூண் திரும்புவதுபோல் முழு உடம்பாகத் திரும்பினாள். கழுத்தில் ஒரே ஒரு கோடு இறுகியது. பதினோரு தடவை பார்த்த படம். தலையில் ஐஸ் சுமந்தவன் நான், எனக்கே அது கண்ணில் படவில்லை. வரைந்தவன் யாரோ, சுமக்கிற பெண்ணின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். அதைக் கண்டுபிடிக்க எங்கள் ஊரில் ஒருத்தி இருக்கிறாள்.

பிரபின் விடவில்லை. "நடிக்கவளுக்க முகம் தெரியாண்டாமா மாமி? செமந்துக்கிட்டும் அண்ணாந்து பாக்கலாம். நான் பாப்பேன்."

"பாப்பியா?"

"பாப்பேன். பாத்துட்டா திருவிழாவுக்கு எனக்க படம்."

"பாக்கலேன்னா மைக்கு எனக்கு." விக்டோரியா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

முற்றத்துக்கு வந்தோம். கருவாட்டுக் கொட்டகையிலிருந்து உப்பு அள்ளி வந்து, விக்டோரியாவின் சருவத்தில் கொட்டி நிறுத்தேன். சரியாக இருபத்தைந்து. என் தராசு கிராம் கணக்கில்கூடப் பொய் சொல்லாது. விக்டோரியா தன் துண்டை முறுக்கிச் சும்மாடு செய்து, பிரபின் தலையில் வைத்து அழுத்தினாள். நானும் அவளும் சேர்ந்து சருவத்தை ஏற்றினோம். அவன் கழுத்து தோளுக்குள் இறங்கியது. இரண்டு கையும் விளிம்பைப் பிடித்தன.

"கையெடுலே. படத்துல அவ ஒத்தக் கையிலதான புடிச்சிக்கிட்டுப் போனா."

ஒரு கையை எடுத்தான். கப்பல்காரன், திடமானவன். பத்தடி நடந்தும் விட்டான். வாலிபர்கள் விசிலடித்தார்கள். அஜிஷா போனைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள்.

விக்டோரியா இடுப்பில் கைவைத்து வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "ஏலே பிரபினே, மேல நாரை போவுது பாரு!"

பிரபின் நின்றான். எடுத்த கை தானாக மேலே போய் விளிம்பைப் பிடித்தது. தாடை இறுகியது. தலை அசையவில்லை. கண்கள் மட்டும் மெதுவாக மேலே போயின.