பாட்டுக்காகப் படகேறிய காலை

மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் பால்மாவுக்கும் நாட்டுச் சனமெல்லாம் வரிசையில் நின்ற வருஷம் அது. மன்னார் தீவில், பேசாலைக்கு அங்கால் உள்ள ஒரு கடற்கரையில் விடியற்காலை நடந்த சம்பவம் இது. அன்றைக்கு அழுததா சிரித்ததா அதிகம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் தையல்காரி. வாய் கொஞ்சம் நீளம். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இதே கரையில் படகேறி இராமேஸ்வரம் போய், தமிழ்நாட்டில் முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணமும் முடித்து, சண்டை முடிந்தபிறகு ஊருக்குத் திரும்பியவர்கள் நாங்கள். அங்கே இருந்தபோது என்னைச் சிலோன்காரி என்றார்கள். இங்கே வந்தால் இந்தியாக்காரி என்கிறார்கள். இரண்டுக்கும் திருப்பிக் கொடுத்துப் பழகிவிட்டேன்.

என் தம்பி கலியாண வீடு, பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்திய வீடுகளுக்கு வீடியோ எடுப்பவன். அவனுடைய சிநேகிதன் ஒருத்தன் ஒரு ராப் பாட்டு எழுதிப் பாடியிருந்தான். எங்கள் சனம் இந்தக் கடலால் போனதும் வந்ததும்தான் பாட்டு. அதற்கு வீடியோ எடுக்க வேண்டும் என்று தம்பிக்கு ஒரே வெறி. சோறு தண்ணி இல்லாமல் அதே கதைதான். முப்பது வருஷக் கதையை நாலு நிமிஷத்தில் எப்படிக் காட்டுவாய் என்று நான் கேலி செய்தேன். அதற்கு அவன் சொன்ன யோசனையைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குண்டும் வேண்டாம், இரத்தமும் வேண்டாம், ஒரே ஒரு படகு போதும் என்றான். அந்தப் படகில் அன்றைக்கு இந்தியாவுக்குப் போன சனமும் ஏறும், சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு ஒரே பையோடு புத்தளம் பக்கம் போன முஸ்லிம் சனமும் ஏறும். உடுப்பு மட்டும் மாறும், படகு மாறாது. கடைசியில் அதே படகு எங்களைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கும், எல்லாரும் சிரித்துக்கொண்டு கரையில் கால் வைப்போம், பாட்டு முடியும்.

உடுப்பு என்று வந்துவிட்டால் பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? இருந்த துணியை எல்லாம் வெட்டித் தைத்தேன். பஃப் கை வைத்த சட்டை, பூப்போட்ட பாவாடை, அந்தக் காலத்துப் பெரிய கொலர். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் முஸ்லிம் அக்கா ஒருவர், தன் உம்மா அன்றைக்குப் போட்டிருந்த மாதிரியே முக்காடு வேண்டும் என்று பக்கத்தில் இருந்து தைப்பித்துக்கொண்டு போனார். "நீங்கள் அந்தப் பக்கம் போனீங்கள், நாங்கள் இந்தப் பக்கம் போனம். கடல் ஒண்டுதானே" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தார்.

அடுத்தது பைகள். நிறைந்த மாதிரித் தெரியவேண்டும், ஆனால் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடக்கவும் வேண்டும். நான்தான் தலையணை அடைக்கச் சொன்னேன். வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினேன். அன்றிரவு எங்கள் ஒழுங்கையில் பாதிச் சனம் கையை மடித்துத் தலைக்கு வைத்துத்தான் படுத்திருக்கும்.

பெரிய சிக்கல் மண்ணெண்ணெய். மீன்பிடிக்கவே எண்ணெய் கிடைக்காமல் படகுகள் எல்லாம் கரையில் கிடந்த காலம். படகுக்கார அண்ணர் தன் வீட்டு அடுப்புக்கு வைத்திருந்ததில் கொஞ்சம் கொண்டுவந்தார். எஞ்சினை ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வரத்தான் அது காணும். அதனால் ஒரே ஒரு டேக், எல்லா உடுப்புக்காரரும் ஒன்றாகவே ஏறவேண்டும். என்ன நடந்தாலும் நிறுத்தக்கூடாது, யார் விழுந்தாலும் எழும்பி நடக்கவேண்டும் என்று தம்பி எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

கிராம சேவகரிடம் சொல்லியாயிற்று. பங்குத்தந்தையிடம் சொல்லி ஆசீர்வாதமும் வாங்கியாயிற்று. நேவியிடம் சொல்லவேண்டும் என்று மட்டும் எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை! சனம் பிள்ளை குட்டிகளோடு கள்ளமாய் இந்தியாவுக்குப் படகேறிப் போய்க்கொண்டிருந்த அதே மாதங்களில், விடியாத நேரத்தில், கையில் பையோடு கூட்டமாகக் கடலுக்குள் இறங்க நாங்கள் புறப்பட்டிருக்கிறோம். எங்களைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

வானம் இலேசாக வெளுத்தது. தம்பி கையைக் காட்டினான். படகுக்கார அண்ணர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு எஞ்சினை இழுத்தார். நடிப்புக்கு அது தேவையில்லைதான், ஆனால் சிலுவை போடாமல் அவருக்குக் கை எஞ்சினுக்குப் போகாது. நாங்கள் இறங்கினோம். குளிர்ந்த தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. தம்பி, கமரா, பாட்டு ஒன்றும் இல்லை. அம்மாவின் இடுப்பில் இருந்துகொண்டு இதே தண்ணீரைப் பார்த்த பிள்ளையாகத்தான் நான் நின்றேன். அழக்கூடாது, முகம் இறுக்கமாக இருக்கவேண்டும் என்று தம்பி சொன்னது மட்டும் நினைவில் இருக்க, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

நாங்கள் ஏறி முடிய, பனைகளுக்குள் இருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். இடுப்பில் ஒரு பெண்பிள்ளை, தோளில் பை. செருப்பு ஒன்று கழன்று கரையில் கிடந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் விழுந்து எழும்பி வந்தாள். தம்பி கமராவை அவள் பக்கம் திருப்பியதை நான் கண்டேன். நான் கையை நீட்டிப் பிள்ளையைத் தூக்கி எடுத்தேன், பிறகு அவளையும் இழுத்து ஏற்றினேன். என்னோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். இருந்த உடனே பிள்ளையின் வாயைக் கையால் பொத்தினாள். என் அம்மா எனக்கு அப்படித்தான் செய்தவா.

இப்படி ஒருத்தியைத் தம்பி எங்கே பிடித்தான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. நான் அவ்வளவு பாடுபட்டுத் தைத்துப் போட்டுக்கொண்டு வர, கசங்கிய சுடிதாரோடு வந்த இவள் என்னைவிட நன்றாக நடிக்கிறாளே!

படகு கொஞ்சத் தூரம் போய் வளைந்து திரும்பியது. கரையில் நின்று தம்பி இரண்டு கையையும் தூக்கிக் கூத்தாடினான். ஒரே டேக்கில் சரி! படகே ஆடும்படி நாங்கள் கைதட்டினோம். அவள் மட்டும் தட்டவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏனக்கா திருப்புறாங்கள்? நேவி வாறானோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் இவள் நடிக்க வந்தவளில்லை, உண்மையாகவே இந்தியாவுக்குப் போக வந்தவள் என்று தெரிந்தது. "தங்கச்சி, இது பாட்டுக்குப் படம் எடுக்கிறம்" என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். அவள் என் பஃப் கைச் சட்டையைப் பார்த்தாள். கரையில் நின்ற கமராவைப் பார்த்தாள். பிள்ளையின் வாயில் இருந்து கையை எடுத்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

அழவும் நேரம் இருக்கவில்லை. நாங்கள் கரைக்கு வரவும், உண்மையாகவே நேவிக்காரர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. எல்லாரையும் மணலில் வரிசையாக இருத்தினார்கள். தம்பி பாட்டு என்றான், வீடியோ என்றான், கையில் இருந்த போனில் பாட்டைப் போட்டும் காட்டினான். அவர்கள் முகத்தில் அசைவில்லை. பைகளைத் திறக்கச் சொன்னார்கள்.

முதல் பையில் தலையணை. இரண்டாவதிலும் தலையணை. அடுத்ததில் இருந்து 'குட் நைட்' என்று பூவேலை போட்ட தலையணை ஒன்று வெளியே விழ, இளம் நேவிக்காரர் ஒருவர் சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பினார். எங்களுக்கும் மூச்சு வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரிசையில் எனக்குப் பக்கத்தில் அவள் இருக்கிறாள். அவளுடைய பை மட்டும்தான் உண்மையான பை.

பிடிபட்டவர்களைப் பிள்ளைகளோடு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன செய்தியை நாங்கள் எல்லாரும் பார்த்திருந்தோம். நான் யோசிக்கவில்லை. அவளுடைய பையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர்களுக்கு மூத்தவர் போல இருந்தவர் குனிந்து அதைத் திறந்தார். மேலே பிள்ளையின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, மடிப்புக் குலையாமல் இருந்தது. அதற்குக் கீழே ஒரு போத்தல் நிறைய வறுத்து இடித்த மிளகாய்த்தூள். அதைக் கண்டதும் எனக்கு உயிர் போனது. தமிழ்நாட்டு முகாமில் இருந்தவர்களுக்குத் தெரியும், எங்கள் ஊர்த் தூள் அங்கே கிடையாது. இங்கிருந்து அங்கே போகிறவர்கள்தான் சொந்தங்களுக்கு அதைக் கட்டிக்கொண்டு போவார்கள்.

"இதில தலையணை இல்லையா?" என்று கேட்டார். தமிழ் கொஞ்சம் தெரிந்தவர்.

"சேர், கிட்ட வச்சு எடுக்கிற பைக்கு உண்மையான சாமான் வேணும். இல்லாட்டிச் சனம் நம்பாது."

அந்தப் பொய் எங்கிருந்து என் வாய்க்கு வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்ல பொய்தான். ஆனால் அவர் நிறுத்தவில்லை. அடியில் துவாயால் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து விரித்தார். கண்ணாடி போட்ட கலியாணப் படம். கூறைச் சேலையும் மாலையுமாக அவளேதான் அதில் நின்றாள். அவர் படத்தைப் பார்த்தார். பிறகு நனைந்த சுடிதாரோடு என் பக்கத்தில் குந்தியிருந்தவளைப் பார்த்தார். அந்த நேரம் பிள்ளை வேறு "அம்மா, குளிருது" என்றது.

முடிந்தது என்று நினைத்தேன். மாதாவே, மாதாவே என்று மனதுக்குள் கத்தினேன். அவர் படத்தைத் திரும்பவும் துவாயால் சுற்றினார். கண்ணாடி உடையாதபடி சட்டைக்கும் சட்டைக்கும் நடுவில் வைத்தார். போத்தலை நிமிர்த்தி வைத்துப் பையை மூடினார். என்னுடையது என்று நான் மடியில் வைத்திருந்த அந்தப் பையை, என்னிடம் தராமல் அவளுடைய கையில் கொடுத்தார்.

"நோனா மிச்சம் நல்லா நடிக்குது" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். திரும்பிப் போகக் காலெடுத்தவர் நின்று, "இனி நடிக்க வேணாம். கடல் சரியில்ல" என்றார்.

இனிமேல் சொல்லாமல் கொள்ளாமல் வீடியோ எடுக்க வரக்கூடாது என்று தம்பிக்கு நல்ல ஏச்சு விழுந்தது. அவ்வளவுதான், போய்விட்டார்கள். தம்பி மணலில் அப்படியே மல்லாக்கப் படுத்துவிட்டான்.

அவளையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பால்மா இல்லை, பிளேன்டீதான். அவள் தீவுக்கு வெளியே, அடம்பன் என்ற வயல் ஊர்ப் பக்கத்து ஆள். உரம் கிடைக்காமல் வயல் கைவிட்டுவிட்டது. மேசன் வேலை என்று கொழும்புக்குப் போன புருஷனுக்கு அங்கே வேலையும் இல்லை. தமிழ்நாட்டு முகாமில் இருக்கும் அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கடற்கரையில் சொந்தக்காரர் வீட்டில் காத்திருந்திருக்கிறாள். படகுக்காரர் சிலுவை போட்டு எஞ்சினை இழுத்ததைக் கண்டதும், இது உண்மையாகப் போகிற படகுதான் என்று ஓடிவந்துவிட்டாள். நான் சின்னப் பிள்ளையாகப் போனபோது படகோட்டி, இந்தியா வந்துவிட்டது என்று சொல்லி நடுக்கடல் மணல்திட்டில் எங்களை இறக்கிவிட்டுப் போனதை, அந்த வெயிலை, தண்ணீருக்கு நாங்கள் அழுததை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். போகாதே என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. இங்கே இரு, எல்லாம் சரிவரும் என்று சொல்ல நான் யார்? நாங்களும் ஒரு காலத்தில் போனவர்கள்தானே. பிள்ளை 'குட் நைட்' தலையணையில் நித்திரையாகிவிட்டது. பின்னேரம் அவள் தானாகவே எழும்பி, அடம்பன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

அடுத்து தம்பிக்கு வந்தது கவலை. நாங்கள் எடுத்த எல்லாவற்றிலும் உயிருள்ள காட்சி அவள் ஓடிவருவதுதான். ஆனால் அவளைக் கேட்காமல் போடமாட்டேன் என்று ஒரே பிடியாய் நின்றான். அந்த விஷயத்தில் என் தம்பி தங்கம். பெற்றோல் கிடைத்த ஒரு நாளில் இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் அடம்பனுக்குப் போனோம். புருஷனும் வீட்டில் இருந்தான். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணி வந்தால் அடுத்த போகம் செய்து பார்ப்போம் என்றான். அவள் போனில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"போடுங்கோ அக்கா. முகத்தையும் மறைக்க வேண்டாம்" என்றாள். "ஆனா படகு போறதோட நிப்பாட்டிப் போடாதேங்கோ. அது திரும்பி வந்ததையும் போடுங்கோ."

அப்படித்தான் பாட்டு முடிகிறது. நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு கரையேறும் பழைய முடிவைத் தம்பி எடுக்கவே இல்லை. அவள் ஓடிவருகிறாள், ஏறுகிறாள், பிள்ளையின் வாயைப் பொத்துகிறாள், படகு போகிறது, வளைகிறது, கரையைப் பார்த்துத் திரும்புகிறது. கோயில் வளவில் வெள்ளைத் துணி கட்டி முதல்முதல் காட்டியபோது அந்த இடத்தில் சனம் எழும்பி நின்று தட்டிய தட்டு இருக்கிறதே! அவளும் வந்திருந்தாள். பிள்ளை திரையைக் காட்டி "அம்மா, அம்மா" என்று துள்ளியது. நான் வெட்கத்தை விட்டு அழுதேன்.

வெளிநாட்டில் இருந்து பார்க்கிறவர்கள் வீடியோவுக்குக் கீழே இன்றைக்கும் எழுதுகிறார்கள், கடைசியில் வரும் அந்த நடிகை யார், நடித்த மாதிரியே இல்லையே என்று. பழைய கதை ஒன்றைச் சொல்வதாக நினைத்துத்தான் நாங்கள் தலையணைகளோடு கடலுக்குள் இறங்கினோம். இப்போதும் யாராவது என்னிடம், அதெல்லாம் முடிந்துபோன கதைதானே என்று சொன்னால், நான் போனை எடுத்து அந்தப் பாட்டின் கடைசி நிமிஷத்தைப் போட்டுக் காட்டுகிறேன்.