பாலாற்று மணல்திட்டில் ஒரு சாயங்காலம்

சில வருஷங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் ஆம்பூரில் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் பாலாற்றுக்கு அக்கரையில். ஆறு என்று பெயரே தவிர, வருஷத்தில் பெரும்பாலும் வெறும் மணல்தான். அதில் நடந்துதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருவோம்.

பெரிய வகுப்புப் பையன் என்று ஹெட்மாஸ்டர் என்னை அந்தக் கூட்டத்துக்குச் சட்டாம்பிள்ளையாக வைத்தார். எங்கள் வீட்டில் எழுத்து கற்ற முதல் ஆள் நான்; அப்பா தோல் கிடங்கில் கூலிவேலை. அதனால் அந்தப் பதவி எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. முன்னால் நடக்க வேண்டும், வரிசை கலைந்தால் அதட்ட வேண்டும், அதுதான் தலைமை என்று நினைத்திருந்தேன்.

டவுன் கரையோரம் மணலில் குழி வெட்டி, ஊறும் தண்ணீரில் தோல் அலசுவார்கள். அந்த நாற்றத்துக்காகப் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகாமல், மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி நடப்பார்கள். நானும் அவர்களோடு பொத்திக்கொள்வேன். ஆனால் லீவு நாளில் நான் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோவது அந்தக் குழிகளுக்குத்தான். அதை அவர்களிடம் சொன்னதில்லை.

அன்று பள்ளி விட்டுத் திரும்பும்போது வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மேற்கே மைசூர்ச் சீமையில் பெய்த மழை எங்களுக்கு எப்படித் தெரியும்? பாதி ஆறு கடந்திருப்போம். ஜில்லென்று ஒரு காற்று வந்தது. பின்னாலேயே, நிறைய வண்டிகள் ஒன்றாக வருவதுபோல் ஒரு சத்தம். நுரையும் சருகுமாகச் செம்மண் தண்ணீர் மணலில் படர்ந்து வந்தது. பக்கத்தில் நாணல் முளைத்த திட்டு ஒன்று இருந்தது. எல்லாரும் அதில் ஏறினோம். ஏறித் திரும்புவதற்குள் இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

சின்னப் பையன்கள் அழ ஆரம்பித்தார்கள். எனக்கு நீச்சல் தெரியாது.

மணியக்காரர் மகன் என் வகுப்புதான். அவன் டவுன் பக்கம் கைகாட்டினான். "அங்க தண்ணி கம்மியா இருக்குது பாருங்கடா. திரும்பிடலாம்."

பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தது. எங்கள் ஊர்ப் பக்கமோ சுழித்து ஓடியது. எல்லாரும் அவன் பின்னால் திரும்பினார்கள். அந்தச் சலனமில்லாத தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் இந்தத் திட்டு வரைக்கும் புதிதாகக் குழிகள் வெட்டியிருந்தார்கள், ஆள் உயரத்துக்கு. சொல்ல வாய் வரவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. வெள்ளத்துக்குப் பயந்த அதே நேரத்தில் அந்தக் கேள்விக்கும் பயந்தேன் என்றால் நம்புவீர்களா?

அவன் காலை வைத்துவிட்டான். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு பொடியனும் இறங்கினான். பொடியனை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அங்க போவாதடா. எங்கப்பா தோல் அலசுற குழி அங்கதான் இருக்குது. நேத்து நான் கஞ்சி எடுத்துனு போய்ப் பார்த்தேன்."

"இன்னாடா, ஆத்துக்கும் நீதான் சட்டாம்பிள்ளையா?" என்று அவன் சிரித்தான். சிரித்தபடியே அடுத்த அடி வைத்தான். ஆளைக் காணவில்லை.

கை மட்டும் மேலே வந்தது. நான் திட்டின் விளிம்பில் குப்புறப் படுத்து அந்தக் கையைப் பற்றினேன். எனக்குக் கீழேயும் மணல் கரைந்தது. "என் காலைப் பிடிங்கடா, நானும் போறேன்" என்று கத்தினேன். என்னைத் தொட்டுவிட்டால், குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று சொல்லும் வீட்டுப் பிள்ளைகள்தான். ஒருவரும் யோசிக்கவில்லை. எத்தனை கைகள் என் கால்களைப் பிடித்து இழுத்தன என்று எனக்குத் தெரியாது. அவன் வெளியே வந்து தண்ணீரைக் கக்கினான்.

திட்டு கரைந்துகொண்டே வந்தது; மிச்சம் இருந்தது எங்கள் ஊர்ப் பக்கம்தான். அங்கே ஓட்டம் ஜாஸ்தி, ஆனால் தோல் பதனிட மரப்பட்டை ஏற்றிவரும் வண்டிகள் போகும் தடம். அடியில் தரை கெட்டி. பொடியன்களைத் தோளில் ஏற்றிக்கொண்டோம். மற்றவர்கள் கைகோத்தோம். "எனக்கும் பயமாத்தான் இருக்குது. யாரும் கைய உடாதீங்க" என்றேன். அதட்டலாக ஒரு வார்த்தைகூட வரவில்லை. தண்ணீர் மார்பு வரைக்கும் ஏறியது. ஒவ்வோர் அடியிலும் கால் தரையைத் தேடியது. என் இடது கையில் மணியக்காரர் மகனின் நகங்கள் பதிந்திருந்தன. நடுவில் ஒருவன் கால் தவறி மிதந்தான். இரண்டு பக்கத்துக் கைகளும் அவனை விடவில்லை. கரையிலிருந்து ஆட்கள் கயிறு வீசியபோதுதான் மூச்சு வந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு மறுபடி பள்ளிக்கூடம் கிளம்பினோம். ஆற்றோரத்தில் மணியக்காரர் மகன் நின்று, "இன்னிக்கு இறங்கலாமாடா?" என்று என்னைக் கேட்டான்.

"தெரியல. எங்கப்பாவக் கேட்டுட்டு வர்றேன்" என்றேன். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

இப்போது வாத்தியார் வேலைக்குப் பயிற்சி பெறுகிறேன். வகுப்பின் முன் நிற்கும்போது இன்னும் உள்ளுக்குள் உதறத்தான் செய்கிறது. அதை மறைக்கக் குரலை உயர்த்துவதில்லை, எனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான் அந்த ஆறு எனக்குக் கற்றுக்கொடுத்த தலைமை.