நாடில்லாத பொருளாளர்

1982ஆம் ஆண்டு, மாசி மாதம் என்று நினைக்கிறேன். நெல் அறுவடை முடிந்திருந்த நேரம். எழுபத்தேழு இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டை விட்டு ஓடி வந்து, வடக்கே கிளிநொச்சிப் பக்கம் ஸ்கந்தபுரத்துக்கு உள்ளே காடு வெட்டிக் குடிசை போட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பக்கத்து வாய்க்கால் காணிகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நெல் செய்தார்கள். இரண்டு பக்கத்துப் பெண்களும் சேர்ந்து ஒரு பால் சங்கம் தொடங்கியிருந்தோம். விடிந்ததும் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவோம். பால் கம்பனி லொறி ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

சங்கத்துத் தலைவி, நெல் செய்கிற குடும்பத்து அக்கா ஒருவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிரில் இருப்பவர் முகத்தை நேராகப் பார்த்துத்தான் பேசுவார். பொருளாளர் நான். கூட்டத்தில் பெண்கள் கை உயர்த்தி என்னைத் தெரிவு செய்தார்கள். பால் அளக்கிற வேலை என்னிடம் இருந்ததும், ஒருவரோடும் நான் பிணக்குப்படாததும்தான் காரணமாக இருக்கும்.

ஒருநாள் லொறிக்காரர் வந்து, இனிமேல் காசோலைதான் தருவோம், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார். அக்காவும் நானும் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போனோம்.

வங்கி முகாமையாளர் நல்ல மனிதர். கதிரை போட்டு இருத்தி, தேநீரும் கொடுத்தார். அடையாள அட்டைகளைக் கேட்டார். அக்கா தன்னுடையதை எடுத்து நீட்டினார். என்னிடம் இல்லை.

"நீங்கள் எந்த நாட்டுப் பிரசை, தங்கச்சி?"

"தெரியலைங்க ஐயா. அப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டாரு. அங்கருந்து இன்னும் ஒண்ணும் வரல. இங்கயும் எங்களப் பதியல."

நான் பிறந்தது இந்த நாட்டில். அப்பா பிறந்ததும் இங்கேதான். தாத்தா தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதால் எங்களுக்கு இங்கே பிரசாவுரிமை தரவில்லை. அதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்தியாக் கடவுச்சீட்டு இருந்தாலும் ஏதாவது செய்து பாக்கலாம். ரெண்டும் இல்லாத ஆளை நான் என்னெண்டு எழுதிறது? பொருளாளரை மாத்திக்கொண்டு வாங்கோ. உடனை கணக்குத் திறந்து தாறன்."

வெளியே வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "அக்கா, வேற ஆளப் போட்டுடுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்றேன். வருத்தம் நிறைய இருந்தது.

"உன்னை நான் தெரிவு செய்யேல்லை. சனம் தெரிவு செய்தது. சனத்தைத்தான் கேக்க வேணும்" என்று மட்டும் சொன்னார் அக்கா.

அந்த வாரமே கூட்டம் கூடியது. நடந்ததை அக்கா ஒன்றும் மறைக்காமல் சொன்னார். ஒரு கையெழுத்துத்தானே, ஆளை மாற்றினால் என்ன என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பாலைக் கறந்து வைத்துக்கொண்டு லொறி இல்லாமல் என்ன செய்வது?

அப்போது எங்கள் பக்கத்து அம்மா ஒருவர் எழுந்தார். கூட்டத்தில் அதுவரை வாய் திறக்காதவர். "எங்க ஆளுங்க ஒருத்தருக்கும் அந்த அட்டை கெடையாதுங்க. நாங்க பால மட்டும் ஊத்திட்டுப் போயிர்றோம். எங்களால உங்களுக்குச் சண்டை வேணாம்" என்றார்.

அக்கா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "சங்கத்திலை பாதிப் பேர் பால் ஊத்திறதுக்கு மட்டும் இருக்கிறதெண்டால், அது என்ன சங்கம்?"

மறுபடி கைகள் உயர்ந்தன. பொருளாளர் மாறவில்லை.

சொன்னபடி லொறி வருவது நின்றது. பாலைத் தயிராக்கினோம். அக்கா தயிர்ச் சட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளிநொச்சிக் கடைகளுக்குப் போவார். நான் பின்னால் இன்னொரு சைக்கிளில். சில பெண்கள் சங்கத்தை விட்டுப் போனார்கள். அக்காவின் வீட்டுக்காரரும், ஊர் வேலையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாய் என்று ஏசினார். அக்கா போவதை விடவில்லை. தயிர் கொடுத்து முடிந்த கையோடு என்னையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போவார். சத்தம் போடமாட்டார், கெஞ்சவும் மாட்டார். "ஏதும் வழி கிடைச்சதோ?" என்று கேட்பார். இல்லை என்றால், "அடுத்த கிழமை வாறம்" என்று எழும்பிவிடுவார்.

முகாமையாளருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டிருக்க வேண்டும். கொழும்புக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். ஒருநாள் எங்களைக் கண்டதும் அவரே அழைத்தார்.

"ஒரு வழி இருக்கு. ஆனால் லேசான வழியில்லை. இந்தத் தங்கச்சி காசை எடுத்துக்கொண்டு அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போயிட்டால் நாங்கள் ஆரைத் தேடுறது? சொத்துள்ள ஒராள் பிணை நிக்க வேணும். பிழை நடந்தால் அந்தச் சொத்துப் போகும்."

"என்ரை சீதனக் காணி யாழ்ப்பாணத்திலை இருக்கு. உறுதிப் பத்திரத்தைக் கொண்டு வாறன்" என்றார் அக்கா. யோசிக்க நேரம் எடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குச் சீதனக் காணி என்றால் என்னவென்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. கடைசிவரை கையில் இருக்கும் பலம் அதுதான். அதிலும் ஒரு சிக்கல்: அவர்கள் வழக்கப்படி, மனைவியின் காணியென்றாலும் கணவரும் கையெழுத்து வைக்க வேண்டும். ஏசுகிற மனிதர் வருவாரா என்று நினைத்தேன்.

வந்தார். வெளுத்த வேட்டியும் சேட்டும் போட்டுக்கொண்டு எங்களோடு பஸ்ஸில் வந்தார். கையெழுத்து வைக்கும்போது முகாமையாளர் கேட்டார்: "அண்ணை, யோசிச்சுத்தான் வைக்கிறியளோ?"

"என்ரை மனிசி ஆக்களைத் தெரிஞ்செடுக்கிறதிலை பிழை விடமாட்டா. என்னிலை மட்டுந்தான் பிழை விட்டவா" என்றார் அவர்.

முகாமையாளர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது. அன்று கணக்குத் திறந்தது. என் கையெழுத்துக் கோணலாகத்தான் விழுந்தது.

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது கேட்டுவிட்டேன். "இவ்வளவு பெரிய பொறுப்ப ஏன்க்கா எடுத்தீங்க?"

"உனக்கு ஓடுற யோசினை இருக்கோ?"

"இல்லக்கா."

"அப்ப என்ன பொறுப்பு. கெதியா வா, பஸ் வெளிக்கிடப் போகுது."

லொறி மறுபடி வந்தது. போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். நாட்டு நிலைமை கெட்டு வீதிகள் மூடப்படும்வரை சங்கம் நடந்தது. அதுவரை நான்தான் பொருளாளர். அக்காவின் காணிக்கு ஒரு கெடுதலும் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் புதுச் சட்டம் வந்து, எனக்கும் பிரசாவுரிமை கிடைத்தது. அந்தப் பத்திரத்தைக் கையில் வாங்கியபோது சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனாலும், நீ எங்கள் ஆள்தான் என்று ஒரு நாடு சொல்வதற்கு எத்தனையோ வருடம் முன்பே, தன் பெயரில் இருந்த ஒரே காணியை முன்னால் வைத்து அதை ஒரு பெண் எனக்குச் சொல்லிவிட்டார் என்பதுதான் இன்றைக்கும் எனக்குப் பெரிதாகப் படுகிறது.