சுப்பையா அண்ணனின் அரை மாத்திரை

"சேர், நாட்டுல காசு இல்லேன்னா அச்சடிச்சுக்கலாம்தானே?"

பல வருடங்களுக்கு முன், ரத்தோட்டைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில், வணிகப் பாட வகுப்பில் என்னிடம் இப்படிக் கேட்டவள் யோகேஸ்வரி.

நான் வழக்கம்போல் உதாரணத்துக்குத் தாவினேன். (உதாரணம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்பாள் என் மனைவி.)

சாப்பிட ஆள் கூடிவிட்டால் பருப்புக் கறியில் தண்ணீர் ஊற்றுகிறோம். சட்டி நிறையும். பருப்பு கூடுமா?

"அப்ப பருப்ப வாங்கிப் போடணும் சேர்."

"அது கப்பல்ல வருது புள்ள. அதுக்கு டொலர் வேணும்."

மணி அடித்துவிட்டது. பாடத்தின் மீதியைப் பிற்காலத்தில் நாடே நடத்திக் காட்டியது.

வரியைக் குறைத்தார்கள், அரசாங்கத்தின் வருமானம் சுருங்கியது. கொரோனாவோடு வெளிநாட்டுப் பயணிகள் வருவது நின்றது. இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தினார்கள், தேயிலைக் கொழுந்தும் நெல்லும் குறைந்தன. டொலர் தீர்ந்தது. பணத்தை அச்சடித்தார்கள், விலைகள் ஏறின.

இப்போது பெற்றோல் வரிசை இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

பிரஷர் கிளினிக்கில் என் நம்பருக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு குரல்.

"சேர், என்னைத் தெரியுதா?"

யோகேஸ்வரிதான். அருகே சக்கர நாற்காலியில் அவள் அப்பா சுப்பையா அண்ணன். நாற்பது வருடம் தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். வலது கை மடியில் கிடந்தது. பேச்சு இல்லை.

"என்னம்மா ஆச்சு?"

"பாரிசவாதம் சேர். மூணு மாசமாச்சு."

அதற்கு முன்பே கிளினிக்கில் அவருடைய மாத்திரை தீர்ந்துபோய், வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சுப்பையா அண்ணன் பாமசியில் கேட்ட விலைக்கு வாங்கி, பிளேடால் பாதியாக வெட்டியிருக்கிறார். ஒரு பாதி தனக்கு. மறு பாதி, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில் இருக்கும் தன் அண்ணனுக்கு. பஸ் கட்டணம் ஏறியதில் அந்த மனிதர் கிளினிக்குக்கு வருவதையே விட்டிருந்தார்.

"வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது சேர். இவரு விழுந்த பொறகு பெரியப்பா வந்து அழுவுறாரு. 'அவன் பாதியத்தான்டி நான் தின்னேன்'ங்குறாரு."

"டொக்டர் கேக்கலையா?"

"கேக்காமயா? மாசாமாசம் கேப்பாரு, மருந்து ஒழுங்கா போடுறீங்களான்னு. இவரு தொரைய கண்ட மாதிரி 'ஒவ், மஹத்தயா'ம்பாரு."

மேலே இருப்பவர் கேட்டால், சிங்களத்தில், ஆமாம் ஐயா. தோட்டத்தில் பழகிய பதில் அது ஒன்றுதான். பிரஷர் இறங்காததால் டொக்டர் இன்னொரு மாத்திரையும் சேர்த்து எழுதினார். அதையும் இவர் பாதியாக்கினார்.

"இப்ப பாருங்க, வாயே தொறக்க மாட்டேங்குறாரு. அன்னைக்கி 'ஒவ்'னு சொல்லாம இத செஞ்சிருக்கணும் அப்பா நீங்க," என்று அவருடைய சட்டைக் கொலரைச் சரிசெய்தாள்.

அவர் ஒரு பக்க வாயால் சிரித்தார்.

அடுத்த நோயாளியையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பது இங்கே வழக்கம். அவர்களுக்கு அடுத்த நம்பர் என்னுடையது. அதனால்தான் உள்ளே நடந்ததைப் பார்த்தேன்.

டொக்டர் அதே கேள்வியைக் கேட்டார். சுப்பையா அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார்.

"இல்ல டொக்டர்," என்றாள் யோகேஸ்வரி. "போன வாரத்துல இருந்து நான்தான் பாதியாக்கிக் குடுக்குறேன். முழுசா வாங்க முடியல. விழுறதுக்கு முந்தி அப்பாவும் இப்பிடித்தான் பாதியாக்கினாரு."

டொக்டர் பேனாவை வைத்தார்.

"ஏன் மொதல்லயே சொல்லல்ல? இங்க இருக்குற வேற மாத்திரைய எழுதியிருப்பேனே. இவரு விழுறதுக்கு முந்தியே எழுதியிருக்கலாம்."

அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான். புதிய துண்டு எழுதிக் கொடுத்தார். யோகேஸ்வரி அதைப் பிடித்தபடி நாற்காலியைத் தள்ள மறந்து நின்றாள். "போங்க, போங்க, ஆள் இருக்கு," என்றார் வாசலில் நின்ற ஊழியர்.

பிறகு டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், மருந்தெல்லாம் ஒழுங்கா போடுறீங்களா?"

'ஆமாம்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் பையிலிருந்த உறையிலும் பாதிகள்தான் இருந்தன. உறையை எடுத்து மேசையில் கொட்டினேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மருந்து போடுகிறீர்களா என்று இன்று கேட்காதீர்கள். மாத்திரை உறையை வாங்கி, உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள்.