ஐஸ் கேட்காத பெட்டி

புவனா கை வைத்தால் கோழிக்குஞ்சு கண்ணைக்கூட மூடாது என்று பல்லடம் பக்கம் ஒரு பேச்சு இருந்தது. கொஞ்சம் கூட்டிச் சொன்ன பேச்சுதான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை. வெள்ளைக்கழிச்சல் என்ற கோழிநோய் வராமல் இருக்க, பொரித்த முதல் வாரத்திலேயே குஞ்சுக்குக் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். இடது கையால் குஞ்சை அள்ளுவாள், கட்டைவிரலால் தலையைச் சாய்ப்பாள், ஒரு சொட்டு, அவ்வளவுதான், அடுத்த குஞ்சு. தொண்ணூறுகளில் அந்தப் பக்கம் பருத்திக் காட்டையெல்லாம் கோழிப்பண்ணையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆகவே சூலூரிலிருந்து வரும் புவனாவுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை.

பஞ்சம் ஐஸுக்குத்தான். அந்த மருந்து எந்நேரமும் ஜில்லென்று இருந்தாக வேண்டும். சூடு பட்டால் அது வெறும் தண்ணீர், கண்ணில் விட்டாலும் ஒன்றுதான், விடாவிட்டாலும் ஒன்றுதான். விடிய பஸ் பிடித்துப் போய், ஐஸ் கம்பெனி வாசலில் நின்று, நொறுக்கி வாங்கி பிளாஸ்கில் திணித்துக்கொண்டு ஓட வேண்டும். கரண்ட் போன நாளில் ஐஸ்காரர் கையை விரித்துவிடுவார். ஒரு சித்திரை மாதம் காரணம்பேட்டையில் பஸ் நின்றுவிட்டது. பண்ணைக்குப் போய்ச் சேரும்போது ஐஸ் கரைந்து தண்ணீராகக் கிடந்தது. தண்ணீர் இன்னும் ஜில்லென்றுதானே இருக்கிறது என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு மருந்தை விட்டாள். பின்னாலேயே வெள்ளைக்கழிச்சல் வந்து அந்தக் கொட்டகையில் பாதிக் குஞ்சு போய்விட்டது. பண்ணைக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "இனி வேண்டாமுங்க அம்மணி, சிரமப்படாதீங்க" என்று காப்பி கொடுத்து அனுப்பினார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இந்த மரியாதை இருக்கிறதே, அது ஆளைக் கொன்றுபோடும்.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து அழுதபோது அவள் புருசன் மருதாசலம் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது அந்த மனுசனுக்கு. சூலூரிலேயே வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். எவர்சில்வர் குழாயில் அவர் பற்றவைத்த இடத்தை விரலால் தடவினாலும் தெரியாது. ஆனால் பெண்டாட்டி அழுதால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

அது நடந்து ஏழெட்டு மாதம் கழித்து, கோவையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் சாஜிதா பேகம் அவர் பட்டறைக்கு வந்தார். இரண்டு எவர்சில்வர் குழாய், நடுவில் ஒரு சன்னக் குழாய், அதில் ஒரு வால்வு. ஹைட்ரஜன் அடைக்கப்போகிறேன், ஊசிமுனை அளவுகூடக் கசியக் கூடாது என்றார்.

"ஹைட்ரஜனா? வெடிக்குமேங்க மேடம்."

"சும்மா அடைச்சா பயந்துதான் ஆகணும். நான் அதைத் தூளுக்குள்ள அடைக்கிறேன்" என்றார் சாஜிதா.

லைட்டர் கல்லில் பொறி பறக்கிறதே, நம் ஊர் பவுண்டரிகளில் இரும்புக் குழம்பில்கூடப் போடுவார்களே, அந்த உலோகத்தோடு நிக்கலைச் சேர்த்து உருக்கிப் பொடித்த தூள் அது. பஞ்சு தண்ணீரைக் குடிக்கிற மாதிரி அந்தத் தூள் ஹைட்ரஜனைக் குடித்து வைத்துக்கொள்ளும். குடிக்கும்போது தூள் சுடும், வெளியே விடும்போது குளிரும். ஒரு குழாயைத் தணலில் வைத்தால், அதிலுள்ள ஹைட்ரஜன் கிளம்பி அடுத்த குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வால்வை அடைத்து இரண்டையும் ஆறவிட வேண்டும். அப்புறம் வால்வைத் திறந்தால், தாகம் கூடிய தூள் இருக்கிற பழைய குழாய்க்கே ஹைட்ரஜன் திரும்பும். அது விட்டுவிட்டுப் போகிற குழாய் ஜில்லிட்டுப் போகும். ஐஸ் வேண்டாம், கரண்ட் வேண்டாம், கொட்டாங்குச்சித் தணல் போதும்.

மருதாசலம் வாயைத் திறந்தது திறந்தபடி கேட்டார். "மேடம், இதுல ஒண்ணு எங்க ஊட்டுக்காரிக்கு வேணுமுங்க" என்றார்.

சாஜிதாவுக்கும் லேபுக்கு வெளியே யாராவது பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. இரண்டாவது ஜோடி ஒன்றைச் செய்யச் சொல்லி, தூளும் ஹைட்ரஜனும் அடைத்து, தெர்மாமீட்டரில் ஏழு டிகிரி காட்டியதை மருதாசலத்தின் கண்முன்னேயே காட்டிக் கொடுத்தனுப்பினார். "ஒண்ணு கவனம். உள்ள இருக்கற குழாய் குளிரும்போது வெளிக்குழாய் சுடும். அந்தச் சூடு போகணும், அதுக்குக் காத்து படணும்" என்றார். "சரிங்க மேடம்" என்றார் மருதாசலம். நம் பக்கத்துச் 'சரிங்க'வை நம்பி யாரும் கிணறு வெட்டக் கூடாது.

பலாப்பலகையில் பெட்டி அடித்தார். பச்சை பெயிண்ட் அடித்தார். உள்ளே ஒரு குழாய், வெளியே பக்கவாட்டில் ஒரு குழாய். முதல் நாள் புவனா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து பார்த்து, பூரித்துப்போய்த் திரும்பினாள். மறுநாள் காலையில் பார்த்தால் வெளிக்குழாயைச் சுற்றி ஒரு சென்னிமலைப் போர்வை. அவர்கள் கல்யாணத்துக்கு வந்தது, சிவப்புக் கரை போட்டது, அதைப் பாதியாகக் கிழித்து, தணலில் வைக்கும்போது கழற்றி ஆறியதும் மாட்டுகிற மாதிரி ஊசிநூலால் உறையாகத் தைத்து, கிண்ணென்று போட்டிருந்தார். அலங்காரம் போலிருக்கிறது என்று நினைத்தாள் புவனா. சந்தனம் குங்குமம் வைத்தாள்.

வீட்டுக்கு ஒரு புதுப் பொருள் வந்தால் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க முடியுமா? பெட்டிக்குள் தூக்குப்போசியில் மோர் வைத்து எடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார்கள். "அட, நல்லா ஜில்லுனு இருக்குதுங்க" என்றார் ஒருவர். அடுத்தவர் சும்மா இருப்பாரா? "ஐஸ் போட்ட மாதிரியே இருக்குதுங்க" என்றார். கடைசியாகப் புவனா ஒரு வாய் குடித்தாள். மோர் காலையில் அடுக்களையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், மருதாசலம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஜில்லுனு இருக்குதுங்க மாமா" என்றாள்.

தீர்ந்தது. அன்றையிலிருந்து அவளுக்கு இரட்டைச் சுமை. இடுப்பில் பெட்டி, தோள் பைக்குள் துண்டில் சுற்றி ஒளித்த ஐஸ் பிளாஸ்க். பெட்டியோடு பட்டறையைத் தாண்டிப் போவாள், மருதாசலம் வாசலில் வந்து நின்று பார்ப்பார். பண்ணைக்குப் போனதும் எல்லாரும் பெட்டியைச் சுற்றி நின்று புகழ்வார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து மருந்தை எடுப்பாள். கள்ளச்சாராயம் கடத்துகிறவனுக்குக்கூட இவ்வளவு படபடப்பு இருந்திருக்காது.

இப்படியே ஓடியிருக்கும். நாச்சியம்மாள்தான் முடிச்சுப் போட்டார். பருத்தி குடோனைக் கோழிக் கொட்டகையாக்கி, முதல் தடவையாகக் குஞ்சு இறக்கியிருந்தார் அந்த அம்மாள். புவனாவின் பெட்டியைப் பற்றி ஊரெல்லாம் கேட்டவர். "அம்மணி, திங்கக்கெழமை உங்கூட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, அந்த டீச்சரையும் வரச் சொல்லுங்க. பெட்டியத் தொறந்து மருந்து எடுக்கறத நானே பாக்கோணும்" என்றார்.

மருதாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. சட்டை தேய்க்கக் கொடுத்தார். புவனாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கூடவே வந்தால் பிளாஸ்கை ஒளிக்க முடியாது. பெட்டியை மட்டும் நம்பினால் நாச்சியம்மாளின் குஞ்சுகள் சாகும், இன்னொரு காரணம்பேட்டைக் கதை. அப்புறம் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். சொல்லிவிடலாம் என்றால், மூன்று மாதமாக அவர் முகத்தில் எரிகிற விளக்கைத் தன் வாயாலேயே ஊதி அணைக்க வேண்டும். என்னதான் செய்வாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மனுசருக்குத்தான் முகதாட்சண்யம், தேங்காயெண்ணெய்க்கு ஏது? வழக்கம்போல் பெட்டியைத் தயார் செய்து, உள்ளே எண்ணெய்ப் பாட்டிலை வைத்து மூடினாள். மத்தியானம் அவர் குளிக்கக் கிளம்பினார்.

"பெட்டிக்குள்ள எண்ணெய் இருக்குதுங்க மாமா, எடுத்துத் தலைக்கு வெச்சுக்குங்க."

எடுத்தார். பாட்டிலுக்குள் எண்ணெய் சளக்கென்று ஆடியது. இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். பங்குனி வெயிலில் அது தண்ணீராய் ஓடியது.

"மார்கழியில சும்மா அலமாரியில வெச்சாலே இது கட்டியாயிருமே" என்றார் மெதுவாக.

"ஆகுமுங்க."

"அப்ப இந்தப் பெட்டி?"

"குளிரலைங்க மாமா. ஒரு நாளும் குளிரலைங்க." சொல்லிவிட்டுப் பொலபொலவென்று அழுதாள். பையைத் திறந்து பிளாஸ்கை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

மருதாசலம் பிளாஸ்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "மோர் குடிச்சுட்டு ஜில்லுன்னியே புவனா."

"நீங்க என் வாயையே பாத்துட்டு நின்னீங்க. வேற என்னத்தச் சொல்றதுங்க?"

அந்த மனுசன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார், "நானுந்தான் அந்த மோரக் குடிச்சேன். எனக்கு ஜில்லுனே தெரியல. ஊரே ஜில்லுங்குது, நீயும் ஜில்லுங்கற, அப்ப நம்ம நாக்குதான் செத்துப்போச்சாட்டம் இருக்குதுன்னு தெனம் நாக்கு வழிச்சு வழிச்சுப் பாத்தேன்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். லேபில் ஏழு டிகிரி காட்டியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். பற்றவைத்த இடமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார், ஒரு குமிழி வரவில்லை. லேபிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் என்னதான் மாறியது?

புவனா போர்வையைத் தொட்டாள். "இது அங்க இருந்துச்சுங்களா?"

அவர் போர்வையின் சிவப்புக் கரையை நீவிவிட்டார்.

"எதுக்குங்க மாமா இதச் சுத்துனீங்க?"

"மொத நாளு இடுப்புல வெச்சுட்டு நடந்தியே. சாயங்காலம் பாத்தேன், அந்தக் குழாய் பட்ட எடம் செவந்து கெடந்துச்சு. நீ ஒண்ணும் சொல்லல. அதான், சூடு தெரியாம இருக்கட்டும்னு."

டீச்சர் காற்றுப் பட வேண்டும் என்று சொன்ன குழாயை, பெண்டாட்டி இடுப்பு சுடக் கூடாது என்று கல்யாணப் போர்வையால் மூச்சுவிடாமல் கட்டி வைத்திருக்கிறார். குழாய் சூட்டை வெளியே விட முடியவில்லை. ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கிற தூள் ஹைட்ரஜனை எங்கே குடிக்கும்? உள்ளே எங்கே குளிரும்? மூன்று மாதமாக அவள் இடுப்பில் இருந்தது கெட்டுப்போன பெட்டியில்லை என்று அப்போதுதான் புவனாவுக்குத் தெரிந்தது. தையலைப் பிரித்தாள்.

மறுபடி கொட்டாங்குச்சி எரித்தார்கள், குழாயைத் தணலில் வைத்தார்கள், ஆறவிட்டார்கள், வாசல் காற்றுக்கு நேராகப் பெட்டியை வைத்து வால்வைத் திறந்தார்கள். வெயில் சாய்ந்தபோது மருதாசலம் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தார். மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்திருந்தது. மூடியைத் திறந்து புவனாவின் தலைக்கு மேலே அப்படியே கவிழ்த்தார். அவள் ஐயோ என்று குனிந்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

திங்கட்கிழமை மொபெட்டில் கிளம்பினார்கள். பெட்டியைக் கேரியரில், குழாய் காற்றுப் பார்க்க வெளிப்பக்கமாகக் கட்டியிருந்தார், அவள் இடுப்புக்கும் வேலையில்லை. பிளாஸ்க் வீட்டு அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. பண்ணை வாசலில் சாஜிதா தெர்மாமீட்டரோடு காத்திருந்தார். மூடியைத் திறந்து வைத்துப் பார்த்து, "ஆறு" என்றார். இன்னொரு தடவை பார்த்தார். "ஆறேதான். லேபை விட நல்லா வேலை செய்யுது, எப்படி?" என்று கேட்டார்.

"காத்து பட வெச்சோமுங்க மேடம்" என்றார் மருதாசலம். போர்வைக் கதையை மட்டும் அமுக்கிவிட்டார்.

புவனா ஊருக்கே முகத்தைக் காட்டி உட்கார்ந்து பெட்டியிலிருந்து மருந்தை எடுத்தாள். சொட்டு, அடுத்த குஞ்சு, சொட்டு, அடுத்த குஞ்சு. மருந்து விட்ட குஞ்சுகளெல்லாம் நேராகப் போய், சுடுகிற வெளிக்குழாயை ஒட்டிப் படுத்துக்கொண்டன. அவற்றுக்கு அது ஆத்தாள் வயிறு. அந்தக் கொட்டகையில் வெள்ளைக்கழிச்சல் எட்டிப் பார்க்கவில்லை. அதைக் கேள்விப்பட்டு, முன்பு காப்பி கொடுத்து அனுப்பிய பண்ணைக்காரரும் ஆள் விட்டு அவளைக் கூப்பிட்டார். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு வேலை முடிந்ததும், மருந்துக்குப் பக்கத்தில் மூடி வைத்திருந்த தூக்குப்போசியை எடுத்து, நாச்சியம்மாளுக்கு ஒரு டம்ளர் மோர் ஊற்றிக் கொடுத்தாள் புவனா. யார் மனசையும் நோகடிக்காத அம்மாள் அவர். ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. டம்ளரைக் கீழே வைத்தார். மருதாசலம் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க கண்ணு" என்றார் நாச்சியம்மாள், கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு. "பல்லெல்லாம் கூசுதுங்க. என்னால குடிக்க முடியாது. செத்த நேரம் வெயில்ல வெச்சுக் குடுத்தீங்கன்னா தேவல."

மூன்று மாதத்தில் அந்த மோரைக் குறை சொன்ன முதல் ஆள் அவர்தான். மருதாசலம் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, தேய்த்த சட்டையின் கையிலேயே கண்ணைத் துடைத்தார். புவனா அந்த டம்ளரை எடுத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க குடிங்க மாமா. நாக்கு நல்லாத்தான் இருக்குது."