உளுந்தின் மேல் நின்ற அம்பாசடர்

எண்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். குடவாசலுக்கும் வலங்கைமானுக்கும் இடையில் உள்ள எங்கள் ஊரில் நடந்தது. மஸ்கட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் லீவில் வந்திருந்தார். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் எல்லாம் லீவுக்கு ஒரு வேலையாகத்தானே வீடு வளரும்? முந்தைய லீவில் மண் சுவரை இடித்துச் செங்கல் சுவர் எழுப்பியிருந்தோம். மேலே மட்டும் பழைய கீற்றுக் கூரையே இருந்தது. இந்த லீவில் அதைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அவரைவிட எனக்குத்தான் அதில் ஆசை. நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஒரே தெரு. வயல் வேலை செய்த குடும்பங்களின் தெரு அது. முழுக்கக் கீற்றுக் கூரைகள். கூலிச் சண்டையும் நிலச் சண்டையும் உச்சத்தில் இருந்த வருஷங்களில், பெரிய தெருவிலிருந்து யார் வந்து கொளுத்திவிடுவார்களோ என்று என் அப்பா தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே அடுப்பை அணைத்துவிடுவேன். எரியாத ஒரு கூரைக்குக் கீழே படுக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நகை, புடவை எதையும் அவரிடம் நான் கேட்டதில்லை.

வீடு நின்ற மனைக்கும் ஒரு கதை உண்டு. அது முன்பு பெரிய தெருவில் இருந்த ஒரு பண்ணையாருக்குச் சொந்தமான இடம். குடியிருப்பவருக்கே மனை என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்ததும் என் மாமனார் பட்டா கேட்டார். பண்ணையார் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் பட்டா எங்களுக்கு வந்தது. வழக்காடிய இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சண்டையை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பண்ணையாரின் மகனும் என் கணவரும் ஏறக்குறைய ஒரே வயது. எதிரெதிரே வந்தால் ஒருவர் ஆலமரத்தைப் பார்ப்பார், இன்னொருவர் ஆகாயத்தைப் பார்ப்பார்.

என் கணவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தங்கமான மனிதர். ஆனால் மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து, "அங்கெல்லாம்" என்று ஆரம்பிக்காமல் அவருக்கு ஒரு வாக்கியம் வராது. அங்கெல்லாம் தளத்துக்கு வெள்ளை அடிப்பார்கள், வெயில் இறங்காது. அங்கெல்லாம் ஜன்னலுக்கு மேலே இவ்வளவு நீளம் நிழல் விழுகிற மாதிரி தளத்தை நீட்டுவார்கள். இதில் பாதி நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. கும்பகோணத்தில் ஒரு பழைய அம்பாசடரை வாங்கியிருந்தார். இங்கே ஸ்டியரிங் வலப்பக்கம் என்பது மறந்து, தினமும் காலையில் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து முழிப்பார். அங்கெல்லாம் வண்டியில் தீயணைக்கும் சிலிண்டர் இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும் என்று சொல்லி, திருச்சியில் தேடி அலைந்து ஒரு சிவப்புச் சிலிண்டரும் வாங்கி வந்தார். எங்கள் தெருப் பிள்ளைகள் அதைக் கேஸ் அடுப்பு என்று நினைத்துச் சுற்றிச்சுற்றி வந்தார்கள்.

தளம் போடும் நாள் வந்தது. விடியும்போதே கலவை மிஷின் வந்து, ஆட்கள் வரிசையாக நின்று, சட்டி சட்டியாகக் கான்கிரீட் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கீழே அண்டாவில் கறி வெந்துகொண்டிருந்தது. தளம் போடும் நாளில் வேலை செய்பவர்களுக்குக் கறிச்சோறு போடாவிட்டால் அந்த வீட்டைப் பற்றி ஊர் ஆயுசுக்கும் பேசும்.

பாதி முடிந்திருக்கும். கொத்தனார் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சிமெண்ட் பத்தாதும்மா. சார் கடைசி நேரத்துல தளத்த நாலு பக்கமும் நீட்டச் சொல்லிட்டாரு. கணக்கு எகிறிப்போச்சு."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஆகாயத்தைப் பார்த்தார்.

தளத்தைப் பாதியில் நிறுத்த முடியாது. போட்ட கான்கிரீட் காய்ந்த பிறகு மிச்சத்தைப் போட்டால் இரண்டும் ஒட்டாது. அந்த இடத்தில் ஆயுசுக்கும் ஒழுகும். மஸ்கட்டுக்குக் கேட்கிற மாதிரி அவரைத் திட்டிக்கொண்டே காரில் ஏறினேன். நான் ஏன் போனேன் என்றால், இத்தனை வருஷமும் செங்கல், மணல், கம்பி எல்லாம் வாங்கியது நான்தான். குடவாசல் கடைக்காரருக்கு என்னைத் தெரியும், அவரைத் தெரியாது. வெளிநாட்டுக்காரர்களின் வீடுகளைக் கட்டியது யார் என்று கேட்டால், ஊரில் இருக்கும் அவர்களுடைய பெண்டாட்டிகள்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

கடையில் சிமெண்ட் கிடைத்தது. டிக்கியில் அடுக்கி, பின் சீட்டிலும் அடைத்தோம். வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி அமுங்கிப்போய்விட்டது. வேறு வண்டி பிடிக்க நேரமில்லை, கிளம்பிவிட்டோம்.

பங்குனியில் எங்கள் பக்கம் தார்ச்சாலைதான் களம். அறுத்த உளுந்துச் செடிகளைச் சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறிப் போனால் நெற்று உடைந்து உளுந்து தனியாக வந்துவிடும். வண்டிக்காரர்களும் முகம் சுளிக்காமல் ஓட்டிப் போவார்கள். எங்கள் ஊர் எல்லையிலும் அப்படிப் பரப்பியிருந்தது. என் கணவர் ஒன்பது வருஷமாகப் பங்குனியில் ஊரில் இருந்ததில்லை, இதெல்லாம் மறந்துபோனவர். சாப்பிடுகிற பொருள் ஆயிற்றே என்று மெல்ல மெல்ல ஊர்ந்தார். சரியாக நடுவில் வந்ததும், ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தார். பண்ணையாரின் மகன். உளுந்து அவருடையது.

என் கணவர் பிரேக்கை மிதித்து எஞ்சினையும் அணைத்துவிட்டார்.

"என்னங்க, ஏன் நிறுத்துறீங்க?"

"இவன் உளுந்த நான் அடிச்சுக் கொடுக்கணுமா? எங்கப்பன் இவங்க களத்துல அடிச்சது பத்தாதா?"

"அங்க தளம் காயுது! ஓட்டுங்க!"

"செடிய அள்ளச் சொல்லு, போறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அந்த உளுந்தோடு சேர்த்துப் பரப்பியிருப்பேன். வெளியே நின்றவரும் லேசுப்பட்டவர் இல்லை. வேண்டுமென்றே தன் களத்தில் வண்டியை நிறுத்தி வேலையைக் கெடுக்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அள்ளச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முறைத்தபடி நின்றார். செடியைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த வாசனை வந்தது. காய்ந்த செடி கருகும் வாசனை. ஊர்ந்து வந்ததில் செடிகள் எல்லாம் வண்டியின் அடியில் சுற்றிக்கொண்டிருந்தன. பாரத்தில் அமுங்கிய வண்டியின் சூடான சைலன்சர் அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தது. நான் கதவைத் திறந்து குதித்தேன். என் கணவர் வண்டியைக் கிளப்பப் பார்த்தார். அது இருமியதோடு சரி. அடியிலிருந்து புகை குபுகுபுவென்று வந்து, பின்னாலேயே தீயும் நாக்கை நீட்டியது.

தீ என்றால் எனக்குக் கை கால் ஓடாது. சாலையோரத்திலேயே நின்றுவிட்டேன். நெருப்பைப் பார்த்து எல்லோரும் விலகி ஓடுவதுதானே வழக்கம்? பண்ணையாரின் மகன் குடையை எறிந்துவிட்டு வண்டியை நோக்கி ஓடி வந்தார்.

"எறங்குங்க! நீங்க தள்ளி நில்லுங்கம்மா!"

ஒரு கொம்பை எடுத்து அடியில் இருந்த செடிகளை இழுத்து இழுத்து வெளியே போட்டார். பெண்கள் பக்கத்துக் குளத்துக்கு ஓடிக் குடங்களில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒருத்தி டிக்கிப் பக்கம் ஊற்றப் போனபோது அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"பின்னாடி ஊத்தாத! சிமெண்ட் நனைஞ்சா அவங்க தளம் போயிரும்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் தளத்தைப் பற்றி அவருக்கு என்ன கவலை? அப்புறம்தான் தெரிந்தது, காலையில் அவர் வீட்டு மாடியில் நின்று எங்கள் வீட்டு வேலையைப் பார்த்துவிட்டுத்தான் களத்துக்கு வந்திருக்கிறார். அடுத்த நிமிஷம் டிக்கியையும் பின் கதவையும் திறந்து, ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிச் சாலையோரத்தில் போட்டார். என் கணவர் இன்னொன்றைத் தூக்கினார். கீழே தீ, மேலே இவர்கள் இரண்டு பேரும் மாறி மாறி மூட்டை தூக்குகிறார்கள். டிக்கியிலிருந்த கடைசி மூட்டையை எடுத்ததும் அதற்கு அடியில் சிவப்பாக ஒன்று தெரிந்தது.

"இருக்கு! இருக்கு!" என்று என் கணவர் துள்ளினார். அந்தச் சிலிண்டர்! ஆபத்துக்கு உதவும் என்று வாங்கி, சிமெண்ட் மூட்டைகளுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தார் எங்கள் வீட்டு மஸ்கட்டுக்காரர். அதன் பின்னைப் பிடுங்கிக் கைப்பிடியை அழுத்தினார். புஸ்ஸென்று வெள்ளைப் பொடி பீறிட்டது. தீ அணைந்தது. அணைந்த பிறகும் அதை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. கார், உளுந்து, குடம், பெண்கள், பண்ணையார் மகனின் முறுக்கு மீசை எல்லாம் வெள்ளை. சிலிண்டர் தீர்ந்து அமைதியானதும் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட.

"உங்க உளுந்து வீணாப்போச்சே" என்றேன்.

"உளுந்து அடுத்த பங்குனிக்கும் வெளையும்மா. தளம் அப்படியா? டிராக்டரு நிக்குது, ஏத்துங்க!"

அவருடைய டிராக்டர் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது ஒரு கணம் எல்லாமே நின்றுபோனது. அந்த வீட்டு வண்டி எங்கள் தெருவுக்கு நல்லதற்கு வந்ததே இல்லை. கலவை போட்டுக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை இறுக்கிப் பிடித்ததை நான் பார்த்தேன். மூட்டைகளின் மேல் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக உட்கார்ந்திருந்த என் கணவர் கையை ஆட்டினார். அதைப் பார்த்ததும் தெருவே கொல்லென்று சிரித்தது. மண்வெட்டிகள் மறுபடி கலவைக்குப் போயின.

பண்ணையாரின் மகன் மூட்டைகளை இறக்கிவிட்டுக் கிளம்பவில்லை. வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் நின்றுவிட்டார். சட்டி அவர் கைக்கும் வந்தது, அவர் கையிலிருந்து மேலேயும் போனது. வெயில் தாழ்வதற்குள் தளம் முடிந்தது. கொத்தனார் மேலிருந்து, "நடுவுல ஒட்டு விழலம்மா, ஒழுகாது, நல்ல நேரத்துக்கு வந்துட்டீங்க!" என்று கத்தினார். நான் அண்டாவின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்தபடியே எல்லோருக்கும் இலை போடச் சொன்னேன்.

எல்லோரோடும் அவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஊரில் இதை ரொம்ப நாள் பெரிதாகப் பேசினார்கள். எனக்கு அதில் பெருமையும் இல்லை, நன்றியும் இல்லை. வேலை செய்தவர் பசித்துச் சாப்பிட்டார், இரண்டாம் முறை குழம்பும் கேட்டார். எனக்குப் பிடித்தது அப்போது அவர்கள் பேசிக்கொண்டதுதான்.

"நீங்க வேணும்னே நிறுத்துறீங்கன்னு நெனச்சேன்."

"வேணும்னேதான் நிறுத்துனேன்."

"எங்கப்பா இருந்தாருன்னா, மூட்டை தூக்குனதுக்கு என்ன ஊர விட்டே தொரத்தியிருப்பாரு."

"எங்கப்பா இருந்தா மட்டும்? உங்க டிராக்டர்ல ஏறுனதுக்கு எனக்குச் சோறே போட்டிருக்க மாட்டாரு."

இரண்டு பேரும் புரையேறும்வரை சிரித்தார்கள். மறுநாளிலிருந்து, தளம் நன்றாக இறுகுவதற்காக அதன் மேல் வயல் மாதிரி பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டியிருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லாத காலம். அவருடைய பம்புசெட்டிலிருந்துதான் தினமும் எங்கள் கூரைக்குத் தண்ணீர் வந்தது.

லீவில் வந்து வீடு கட்டும் பிள்ளைகள் இப்போதும் என்னிடம் யோசனை கேட்பார்கள். தளம் போடுகிற அன்று திட்டத்தை மாற்றாதீர்கள், காரில் சிமெண்ட் ஏற்றாதீர்கள், தீயணைக்கும் சிலிண்டரை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், காய்ந்த செடிமேல் வண்டியை நிறுத்தாதீர்கள், அது யாருடைய செடியாக இருந்தாலும் சரி என்பேன். தலையாட்டிவிட்டு, பிறகு "அங்கெல்லாம்" என்று ஆரம்பிப்பார்கள்.

எரியாத கூரைக்கு ஆசைப்பட்டேன், கிடைத்தது. ஆனால் எந்த வீட்டை நினைத்து என் அப்பா தூங்காமல் உட்கார்ந்திருந்தாரோ, அந்த வீட்டுப் பிள்ளை நெருப்பைக் கண்டதும் எங்களை நோக்கி ஓடி வந்தாரே, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தத் தளத்துக்குக் கீழே என்னைப் பயமில்லாமல் தூங்க வைப்பது அதுதான்.