வால்டர் கொடுத்த தண்ணீர்

சுதந்திர தினம் வந்தால் போதும், அந்தப் படத்தை டிவியில் போட்டுவிடுகிறார்கள். மூன்று வருசமாக எனக்கு வயிறு எரிகிறது. அதில் நம் சிப்பாயைக் கொல்லும் பாகிஸ்தான் ஆபீசர் என் சிநேகிதன் வால்டர்.

வால்டர் மைசூர் விஜயநகரில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். ஆறடி உயரம், சிவந்த நிறம், பூனைக்கண். ஊரில் எந்தச் சண்டைப் படம் எடுத்தாலும் எதிரி யூனிபார்ம் அவனுக்குத்தான். ஷூட்டிங் சாமான் ஏற்றுவது என் டெம்போ. "இன்னைக்கு எத்தனை தடவைப்பா சாகணும்?" என்று கேட்டுக்கொண்டே ஏறுவான்.

அந்தப் படத்தில் மட்டும் நல்ல வேஷம். இரண்டு சர்க்காரும் சமாதானம் பேசிக்கொண்டிருந்த நேரம். எதிரிக்கும் கொஞ்சம் மனசு வைக்க டைரக்டருக்குத் தைரியம் இருந்தது. அடிபட்டுக் கிடக்கும் நம் சிப்பாய்க்கு வால்டர் தண்ணீர் கொடுக்க வேண்டும். பாட்டிலை எடுத்து நீட்டியவனே நான்தான். "குடி தம்பி, உங்கம்மா வழி பாத்துட்டிருப்பாங்க" என்று கன்னடத்தில் சொன்னான். ஒரே டேக்.

அப்புறம் சமாதானப் பேச்சு முறிந்தது. படம் வந்ததும் அவன் மகள் ஷெர்லியைக் கூட்டிக்கொண்டு போனோம். அப்போது நாலாவது படித்தாள். "எங்கப்பா இதுல நல்லவரு" என்று ஸ்கூல் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். திரையில் அதே வால்டர், அதே பாட்டில். குரல் மட்டும் எவனுடையதோ. "குடி. இதுதான் உன் கடைசித் தண்ணி." பிறகு துப்பாக்கிச் சத்தம். "ஹொடீரி அவன்ன!" அடியுங்கள் அவனை என்று தியேட்டரே கத்தியது.

படக் கம்பெனி மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"இந்த நேரத்துல அவங்க ஆளு தண்ணி குடுத்தா ஜனம் ஸ்கிரீனைக் கிழிச்சிரும், கந்தசாமி. சின்ன வேஷத்துக்கு எப்பவும் வேற ஆள்தானே குரல் குடுக்கிறது?"



ஷெர்லி கேட்டது ஒன்றே ஒன்று. "வாய் உன்னுதுதானேப்பா?" அவன் சொன்ன வார்த்தை வேறு என்று நான் சாட்சி சொன்னேன். "நீங்க அப்பா ஃப்ரெண்டு மாமா, அப்படித்தான் சொல்வீங்க" என்றாள். அதிலிருந்து அவள் அப்பாவோடு சரியாகப் பேசுவதில்லை.

இந்த ஜூலையில் மழை ஈரத்தில் சாரம் வழுக்கி வால்டர் விழுந்தான். ஆஸ்பத்திரியில் ஷெர்லி கதவோரமே நின்றாள். அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ஆகஸ்ட்ல மறுபடி போடுவாங்க. எம்புள்ளைகூட உக்காந்து பாரு. நான் தண்ணி குடுக்க வர்றப்ப டிவி சத்தத்தை நிறுத்திரு. வாயை மட்டும் பாக்கச் சொல்லு."